மெமரி ஃபோம் மெத்தையும் படுக்கையில் இருக்கும் நம் உம்மாமாரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் படுக்கையோடு பெரியவர்கள் இருந்தால் முழுவதையும் வாசியுங்கள். மற்றவர்கள் சேமித்து வையுங்கள். இந்தத் தேவை எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் உம்மா பாரிசவாதம் வந்து படுக்கையோடு இருப்பது ஊரில் பலருக்கும் தெரியும். அவவுக்கு மெமரி ஃபோம் மெத்தை போட்ட செய்தியும் எப்படியோ பரவிவிட்டது. பாடசாலையிலும் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள்: "அந்த மெத்தை நல்லமா? போட்டா புண் வராதாமே?" நாங்கள் பிள்ளைகள் நாலு பேர். ஆளுக்கொரு இடத்தில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, இந்த விசயத்தில் வாசித்தும் கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

சுருக்கமான பதில் இதுதான். மெத்தை நல்லது. ஆனால் மெத்தை போட்டுவிட்டோம் என்பதற்காகப் புண் வராமல் இருக்காது. ஏன் என்று விளங்கிக்கொண்டால், வாங்கும்போது ஏமாறவும் மாட்டோம், வாங்கிய பிறகு கவனயீனமாக இருக்கவும் மாட்டோம்.

முதலில் படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். தரம் 10 பிள்ளைகளுக்கு அமுக்கம் என்ற பாடம் படிப்பிக்கிறோம். விசையைப் பரப்பளவால் வகுத்தால் அமுக்கம். ஒரே பாரமான புத்தகப் பை, அகலமான பட்டி இருந்தால் தோளை வெட்டாது, மெல்லிய கயிறு கட்டினால் வெட்டும். பாரம் மாறவில்லை, அது இறங்கும் இடத்தின் அளவுதான் மாறியது. படுத்திருக்கும் உடம்பும் அப்படித்தான். மல்லாக்கப் படுத்தால் உடம்பின் பாரம் முதுகு முழுவதிலும் சமமாக இறங்குவதில்லை. பின் தலை, தோள் எலும்பு, முழங்கை, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிக்கால் என்று எலும்பு துருத்தும் சில இடங்களில்தான் கூடுதலாக இறங்குகிறது. சரிந்து படுத்தால் இடுப்பின் பக்க எலும்பும் கணுக்காலும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன.

அந்த இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்குகின்றன. அதனுள் ஓடும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இரத்தம் போகாத சதை பட்டினி கிடந்து சாகத் தொடங்குகிறது. சுகமாக உள்ளவர்களுக்கு இது ஏன் வருவதில்லை? நித்திரையிலும் நாம் நம்மை அறியாமல் புரண்டுகொண்டே இருக்கிறோம். உடம்பு நொந்தால் தானாக இடம் மாற்றும். பாரிசவாதம் வந்தவருக்கு நோவும் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் புரள முடியாது. ஆகவே புண்ணை உண்டாக்குபவை இரண்டு. ஒன்று அமுக்கத்தின் அளவு, மற்றது அந்த அமுக்கம் நிற்கும் நேரம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

இப்போது மெமரி ஃபோமுக்கு வருவோம். "விண்வெளிக்குப் போனவங்க படுத்த மெத்தை" என்று கடைகளில் சொல்வார்கள். உண்மைக் கதை வேறு. 1966இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்காக, சார்ள்ஸ் யோஸ்ட் என்ற பொறியியலாளர் விமான ஆசனங்களுக்கென்று ஒரு புதிய ஸ்பொஞ்சை உருவாக்கினார். மோதல் நடந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், நீண்ட நேரம் இருந்தாலும் உடம்பு நோகக் கூடாது என்பதுதான் தேவை. அதுவே பிறகு சக்கர நாற்காலிக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் போனது. 1980களின் தொடக்கத்தில் நாசா அதன் செய்முறையை எல்லாருக்கும் பொதுவாக விட்டது. சுவீடனின் ஃபாகர்டாலா நிறுவனம் அதை எடுத்து வருடக்கணக்கில் திருத்தி, 1990களின் தொடக்கத்தில் வீட்டு மெத்தையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதாவது இந்தப் பொருள் பிறந்ததே ஓர் உடம்பின் பாரத்தைப் பரப்பிவிடுவதற்காக. சொகுசு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

மெமரி ஃபோம் எதனால் ஆனது? நாம் ஸ்பொஞ் மெத்தை என்று சொல்லும் சாதாரண மெத்தையும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டும் பொலியூரித்தேன் என்ற பல்பகுதியம். 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தது. இரண்டு திரவங்களைக் கொஞ்சம் நீரோடு கலக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு உண்டாகி, கலவை அப்பம் போலப் பொங்கித் துளை துளையாக இறுகுகிறது. மெமரி ஃபோமில் திரவங்களின் சேர்மானத்தை மாற்றி, இறுகிய பிறகும் அது பாதி இழுபடும் குணத்தோடு இருக்கும்படி செய்கிறார்கள்.

வித்தியாசத்தை விளங்க அடுப்படிக்குப் போகலாம். சாதாரண ஸ்பொஞ் வட்டிலப்பம் மாதிரி. விரலால் தொட்டால் அமுங்கும், விட்டவுடன் துள்ளி எழும்பும். மெமரி ஃபோம் ரொட்டிக்குக் குழைத்த மா மாதிரி. விரலை அமுக்கி எடுத்தால் குழி நிற்கும், பிறகு மெதுவாக எழும்பும். சாதாரண ஸ்பொஞ் நாம் அமுக்கும் இடமெல்லாம் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆழமாக அமுங்கிய இடத்தில் கூடுதலாகத் தள்ளும். அந்த இடம்தான் எலும்பு துருத்தும் இடம். மெமரி ஃபோம் அப்படித் திருப்பித் தள்ளுவது குறைவு. எலும்பு உள்ள இடத்தில் விட்டுக்கொடுத்து இறங்குகிறது. எலும்பு இறங்கியதும் பக்கத்தில் உள்ள சதையும் மெத்தையைத் தொடுகிறது. தொடும் பரப்பளவு கூடுகிறது, அமுக்கம் குறைகிறது. தரம் 10 பாடம்தான், வேறொன்றும் இல்லை.

இன்னொரு குணமும் உண்டு. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். உடம்புச் சூடு பட்ட இடம் மட்டும் இளகி உடம்பின் வடிவத்தை எடுக்கிறது. மெமரி என்ற பெயரைக் கேட்டுச் சிலர் அது நம் உடம்பை ஞாபகம் வைத்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழும்பிய பிறகு அது திரும்பப் போவது தன்னுடைய பழைய வடிவத்துக்கு. எழும்பிக் கனநேரமான பிறகும் நம் வடிவத்தில் குழி விழுந்து கிடந்தால் அந்த மெத்தை பழுதாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சூட்டுக் குணத்தை நம் பக்கத்து ஆட்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மெத்தைக் கடை ஏசி போட்ட கடை. அங்கே படுத்துப் பார்க்கும்போது மெத்தை ஓரளவு இறுக்கமாக, தாங்குவது போல இருக்கும். அதே மெத்தையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓட்டுக்கூரை அறைக்குள் போட்டால் அது இன்னும் இளகும், உடம்பு இன்னும் ஆழமாக இறங்கும். கடையில் "அளவாக இருக்குது" என்று தோன்றும் மெத்தை நம் வீட்டில் தொளதொளவென்று இருக்கலாம். ஆகவே நம் பிரதேசத்துக்கு வாங்குபவர்கள் கடையில் படுக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதைப் பார்ப்பது நல்லது.

மெமரி ஃபோம் மெத்தை என்றால் அடி முதல் நுனி வரை மெமரி ஃபோம் என்று நினைக்க வேண்டாம். இருக்கவும் கூடாது. அதற்குத் தாங்கும் சக்தி குறைவு. எட்டு அங்குலமும் அதுவாகவே இருந்தால் இடுப்பு பாரத்தில் ஏணையில் கிடப்பது போல உடம்பு நடுவில் தொங்கிவிடும். சரியாகச் செய்த மெத்தையில் மேலே இரண்டு முதல் நாலு அங்குலம் மெமரி ஃபோம் இருக்கும். கீழே இறுக்கமான, அடர்த்தி கூடிய சாதாரண ஃபோம் அல்லது ஸ்பிரிங் இருக்கும். மேல் அடுக்கு பாரத்தைப் பரப்பும், கீழ் அடுக்கு தாங்கும். சில மெத்தைகளில் உறையோடு சேர்த்துத் தைத்த அரை அங்குலம் மட்டும் மெமரி ஃபோம், மிச்சமெல்லாம் சாதாரண ஸ்பொஞ். பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "மெமரி அடுக்கு எத்தனை அங்குலம்?" வெட்டிய மாதிரித் துண்டு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். உறையில் சிப் இருந்தால் திறந்து பாருங்கள்.

இரண்டாவது கேள்வி அடர்த்தி. ஒரு கனமீற்றருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். மெமரி ஃபோம் என்றால் 50 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் உழைக்கும். அடர்த்தி குறைந்தால் கெதியில் அமர்ந்துபோகும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கணக்கை நாமே போடலாம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அங்குலத் தடிப்புள்ள ஒரு மேல்விரிப்பு மெத்தையின் கனவளவு 4.5 கன அடி. அது சுமார் 0.127 கனமீற்றர். கனமீற்றருக்கு 50 கிலோ என்றால் அந்தத் துண்டு சுமார் ஆறரைக் கிலோ நிறுக்க வேண்டும். தராசில் மூன்று கிலோதான் காட்டினால் அடர்த்தி 25க்குக் கிட்ட. விலைத் துண்டில் என்ன எழுதியிருந்தாலும் தராசு பொய் சொல்லாது.

எங்கள் உம்மாவுக்கு மெத்தை பார்க்கப் போன கடையொன்றில் விற்பனையாளர் எங்களிடம் சொன்ன வார்த்தை இது: "ராத்தா, இதுல போட்டீங்கண்டா பொரட்டவே தேவல்ல. வருசக்கணக்குல கெடந்தாலும் புண் வராது." அவர் அதை நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சு ஆபத்தானது. ஏனென்றால் மெமரி ஃபோம் அமுக்கத்தைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. நேரம் என்ற மற்றப் பாதி அப்படியே கிடக்கிறது. நாளெல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்தால் எந்த மெத்தையிலும் புண் வரும். எங்கள் உம்மா இருந்த வாட்டில் நேர்ஸ் சொல்லித் தந்தது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும் என்று. நல்ல ஃபோம் மெத்தை இருந்தால் இரவில் அந்த இடைவெளியைக் கூட்டலாமா என்பதை நோயாளியின் தோலைப் பார்த்து டொக்டரோ நேர்ஸோதான் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லக் கூடாது.

இந்த மெத்தைக்கென்றே சில பாதகங்களும் உண்டு. உடம்பு உள்ளே இறங்குவதால், ஓரளவு தானாகப் புரளக்கூடிய நோயாளிக்குப் புரள்வது கடினமாகிறது. கை ஊன்றி எழும்பிப் பழகும் ஆட்களுக்கு, பிசியோதெரபி செய்துகொண்டிருப்பவர்களுக்கு, இது யோசிக்க வேண்டிய விசயம். அடுத்தது வேர்வை. உடம்பைச் சுற்றி ஃபோம் மூடிக்கொள்வதால் காற்றோட்டம் குறைவு. ஊறிய தோல் கெதியில் உரியும். ஜெல் கலந்தது, துளை கூடியது என்று விற்பவை முதலில் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு மின்விசிறியும் பருத்தி விரிப்பும்தான் கை கொடுக்கும்.

மெத்தை நனையாமல் இருக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டுகிறோம் அல்லவா? அதற்கு மேல் ரப்பர் சீட், அதற்கு மேல் மடித்த சீலை, அதற்கு மேல் விரிப்பு. அப்படிப் போட்டால் மெமரி ஃபோம் வாங்கிய காசு வீண். இழுபடாத உறை மேளத்தோல் போல இறுகி நிற்கும், உடம்பு ஃபோமுக்குள் இறங்காது, பாரம் பரவாது. நீர் புகாத, ஆனால் இழுபடும் உறைகள் இருக்கின்றன. அதையே கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு, இறுக்காமல். சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

போட்ட மெத்தை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. மேல்விரிப்பாகப் போடும் மெத்தை என்றால், நோயாளி படுத்திருக்கும்போது அதற்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கையை மேலே பார்க்க நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் ஃபோம் முழுவதும் நசுங்கிவிட்டது, தடிப்புப் போதாது. இன்னொன்று தோல். பக்கம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் எலும்பு துருத்தும் இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுங்கள். வெளிறி மீண்டும் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. அமுக்கியும் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் முதல் கட்டம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, இறுக்கமாக, கறுப்பு நிறம் கூடினதாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உடனே அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு அந்த இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம், நசுங்கிய சதை இன்னும் சேதமாகும்.

குதிக்காலுக்கு எந்த மெத்தையும் போதாது. கெண்டைக்காலுக்குக் கீழே நீளமாக ஒரு தலையணை வைத்துக் குதி படுக்கையில் படாமல் நிற்கும்படி விடுங்கள். சரித்துப் படுக்க வைக்கும்போது முழுப் பக்கமாகச் சரிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சரிவில் வையுங்கள், இடுப்பின் பக்க எலும்பில் முழுப் பாரமும் இறங்காது. வட்டமான காற்று வளையத்தை இடுப்புக்கு வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நடுவில் ஓட்டை இருப்பதால் புண் ஆறும் என்று நினைக்கிறோம். ஆனால் அது சுற்றிவர அமுக்கி, நடுவில் உள்ள சதைக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்லித்தான் வைத்திய வழிகாட்டல்கள் சொல்கின்றன.

காற்று மெத்தை நல்லதா, ஃபோம் நல்லதா என்றும் கேட்கிறார்கள். பம்ப் வைத்து அறை அறையாகக் காற்று ஏறி இறங்கும் மெத்தை, அமுக்கம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். புண் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு வைத்தியர் அதைச் சொன்னால் அதைத்தான் போட வேண்டும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தை மறந்திருக்க மாட்டோம். பம்ப் நின்றால் அதன் வேலையும் நின்றுவிடும். ஃபோமுக்கு மின்சாரம் தேவையில்லை, சத்தமும் இல்லை. இரண்டிலும் பக்கம் மாற்றும் வேலை மட்டும் குறைவதில்லை.

இறப்பர்ப் பாலில் செய்யும் லேட்டக்ஸ் மெத்தை நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. 1876இல் ஹெனரத்கொட பூங்காவில் நட்ட இறப்பர்க் கன்றுகளின் வழியாக வந்த தொழில் இது. லேட்டக்ஸும் பாரத்தைப் பரப்பும், ஆனால் உடனே எழும்பும். புரள்வது இலகு, சூடும் குறைவு. தானாகக் கொஞ்சமாவது அசையக்கூடிய நோயாளிக்கு இதையும் பார்க்கலாம். தும்பு மெத்தையும் இலவம்பஞ்சு மெத்தையும் சுகமாக உள்ளவருக்கு நல்லவை. அசைய முடியாத உடம்புக்கு அவை கட்டி பட்டுவிடும்.

பராமரிப்பில் ஒரு முக்கியமான வித்தியாசம். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுப்போம். மெமரி ஃபோமை வெயிலில் போடக் கூடாது. வெயில் பட்டால் மஞ்சளாகி, நாளடைவில் உதிரும். நிழலில் காற்றாட விடுங்கள். சீமெந்துத் தரையில் நேராகப் போட்டால் மாரி காலத்தில் அடியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். இடைவெளி விட்ட பலகைக் கட்டில் நல்லது. புது மெத்தையில் ஒரு மணம் இருக்கும். உறையைக் கழற்றி யன்னல் திறந்த அறையில் சில நாள் வைத்து, மணம் போன பிறகு நோயாளிக்குப் போடுங்கள். எல்லாவற்றையும்விட, நுளம்புச் சுருளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொளுத்த வேண்டாம். பொலியூரித்தேன் பற்றினால் மிக வேகமாக எரியும், அதன் புகையே நஞ்சு. எழும்பி ஓட முடியாத ஆளுக்கு நுளம்பு வலைதான் பாதுகாப்பு.

படுக்கையில் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு? மூன்று விசயம் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒன்று, ஒரு வயதுக்குக் கீழான பிள்ளைகளை மெமரி ஃபோமில் நித்திரையாக்க வேண்டாம். முகம் புதைந்தால் அவர்களால் திருப்ப முடியாது. குழந்தைக்கு இறுக்கமான, மட்டமான படுக்கைதான் பாதுகாப்பு. இரண்டு, முதுகு நோவு என்றால் பலகையில் படுக்கச் சொல்வது நம் வழக்கம். 2003இல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில் நாட்பட்ட முதுகு நோவுள்ள 313 பேருக்கு மெத்தை மாற்றிப் பார்த்தார்கள். 90 நாளில் மிக இறுக்கமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நோவு கூடுதலாகக் குறைந்தது. ஆகவே பலகையும் வேண்டாம், மிக மெதுவானதும் வேண்டாம்.

மூன்றாவது கல்யாண வீடு. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடும் கொடுத்து, அறைக்குச் சாமானும் போட்டுக் கொடுக்கும் நம் வழக்கத்தில் இப்போது மெமரி ஃபோமும் பட்டியலில் ஏறிவிட்டது. இருபத்தைந்து வயதில் சுகமாக உள்ள இரண்டு பேருக்கு அது தேவையே இல்லை. சாதாரண நல்ல மெத்தை போதும். கடன்பட்டுப் புது அறைக்கு மெமரி ஃபோம் வாங்கிக் கொடுத்த அதே வாப்பா, பக்கத்து அறையில் தன் வயதான உம்மாவைப் பன்பாயில் கிடத்தியிருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். எலும்பும் தோலுமாக இருக்கும் அந்த உடம்புக்குத்தான் இந்தப் பொருள் உண்டாக்கப்பட்டது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் யாருக்கு முதலில் என்று சபை கூட்டிப் பேசத் தேவையில்லை.

கடைசியாக எங்கள் வீட்டு ஒழுங்கைச் சொல்கிறோம், புகழுக்காக இல்லை, நாலு வீட்டுக்குப் பயன்படட்டும் என்று. நம் பகுதியில் உம்மா கடைசி மகளின் வீட்டில்தான் இருப்பா. பார்க்கும் வேலை முழுவதும் அந்த ஒருத்தியின் தலையில் விழும். ஆம்பிளைப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் "நல்ல மெத்தையாப் பாத்து எடுங்க, காசு அனுப்புறேன்" என்பார்கள். அந்தக் காசு பெரிய உதவிதான். ஆனால் மெத்தை எத்தனை ஆயிரம் என்றாலும் அது பாதி வேலைதான் செய்யும் என்று மேலே பார்த்தோம். மிச்சப் பாதி கைகளின் வேலை.

மெத்தை வாங்கும் முன்பே ஒரு தாளில் முறை எழுதினோம். மஃரிப் முதல் பத்து மணி வரை ஒருவர், பத்து மணிக்கும் நடுச்சாமத்துக்கும் ஒருவர், இரண்டு மணிக்கு ஒருவர், சுபஹுக்கு ஒருவர். பக்கம் மாற்றியவர் நேரத்தையும் எந்தப் பக்கம் என்பதையும் தாளில் எழுத வேண்டும். இரவு இரண்டு மணிதான் கஷ்டமான முறை. கத்தாரில் இருக்கும் தம்பி அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். அங்கே அப்போது பதினொன்றரை. தூங்கப் போகும் முன் தங்கச்சிக்குக் கோல் எடுத்து எழுப்பிவிட்டு, உம்மாவைப் புரட்டித் தலையணை வைத்து முடியும் வரை லைனில் நிற்பான். சில இரவு உம்மா முழித்துக்கொண்டால் அவனோடு ஒரு வார்த்தை பேசுவா. இதற்கெல்லாம் எந்த மெத்தையிலும் ஓர் அடுக்கு இல்லை.

ஆகவே படுக்கையில் ஆள் உள்ள வீட்டார் முதலில் அந்தத் தாளை எழுதுங்கள். உள்ளூரில் உள்ளவரின் பெயரும் தூரத்தில் உள்ளவரின் பெயரும் அதில் இருக்கட்டும். வர முடியாதவர் இரவுக்கு ஆள் வைக்கும் செலவைப் பொறுப்பெடுக்கட்டும். பிறகு கடைக்குப் போங்கள். எத்தனை அங்குலம், என்ன அடர்த்தி, உறை இழுபடுமா என்ற மூன்றையும் கேளுங்கள். வசதி இல்லாவிட்டால் மூன்று அங்குல நல்ல மேல்விரிப்பு ஒன்றும், ஐந்தாறு தலையணையும், எழுதிய முறையும் போதும். விலை கூடிய மெத்தையில் புரட்டாமல் கிடத்திய உடம்பைவிட அந்த உடம்பு சுகமாக இருக்கும்.

படுக்கையில் இருக்கும் எல்லா உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் அல்லாஹ் இலகுவை ஏற்படுத்துவானாக. அவர்களைப் பார்க்கும் கைகளுக்கும் பலத்தைக் கொடுப்பானாக.